ஏர் ஃப்ரையரா, கொழும்பு டிக்கெட்டா?



இந்த வார எபிசோடில் ஃப்ரீக்குவென்ட் ஃப்ளையர் பொயின்ட்ஸ் பற்றிக் கதைத்தோம். எடிட்டில் பாதி போய்விட்டது. "அந்தக் கணக்கை எழுத்தில தாங்கோ" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தருகிறேன். ஆனால் கணக்குக்கு முதல் எங்கட குசினியில் இருந்து தொடங்க வேணும்.

மல்கிரேவில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு ஏர் ஃப்ரையர் இருக்கிறது. 2021இல் லொக்டவுன் நேரம் அப்பா எடுத்தது. காசு கொடுக்கவில்லை. பத்து வருஷமாக மளிகை, பெற்றோல், கரண்ட் பில் எல்லாம் ஒரே கார்டில் போட்டுச் சேர்த்த 62,000 பொயின்ட்ஸ் கொடுத்தார். "சும்மா கிடைச்சது, பிள்ளை" என்று பெட்டியைத் திறந்தார். அம்மா அதில் கத்தரிக்காய் பொரித்தாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

2024 ஜூனில் ஒரு நாள் விடிய நாலு மணிக்குப் போன் வந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள். "வரக்கூடிய ஆக்கள் வாங்கோ" என்று மாமா சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் கிளம்ப, போய்வர ஒரு டிக்கெட் 2,480 டொலர். அம்மாவுக்குப் போட்டோம். எனக்கும் போட ஏலாது. அந்த மாதம் வீட்டு லோன், கார் ரெஜோ எல்லாம் ஒன்றாக வந்திருந்தது. "பொயின்ட்ஸ் எவ்வளவு கிடக்கு?" என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு கணக்கில் 11,000. இன்னொன்றில் 18,000 இருந்ததாம், பாவிக்காமல் விட்டதில் காலாவதியாகிப் போய்விட்டது. அப்பா ஏர் ஃப்ரையர் பக்கம் பார்க்கவேயில்லை. நானும் பார்க்கவில்லை.

அம்மா வியாழன் போய்ச் சேர்ந்தாள். அம்மம்மா சனிக்கிழமை போய்விட்டா. செத்த வீட்டை நான் வட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன், போனை சீனி டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டு. பறைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிசினஸ் கிளாஸ் ஷாம்பேன் படம் போடுகிறார்கள். எங்களுக்கு அது இரண்டாம் பட்சம். ஊரில் அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா இருக்கிற குடும்பத்துக்கு, பொயின்ட்ஸின் மிகப் பெரிய பெறுமதி அவசரமாக எழும்பிப் போக ஒரு சீட். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு பொயின்ட் எத்தனை சதம்?

இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கோ. அதே டிக்கெட்டின் காசு விலையை எடுங்கள். பொயின்ட்ஸில் எடுத்தாலும் கட்ட வேண்டிய வரியையும் கட்டணத்தையும் கழியுங்கள். மிச்சத்தைக் கேட்கிற பொயின்ட்ஸால் பிரியுங்கள். வருவது ஒரு பொயின்ட்டின் பெறுமதி.

எங்கள் ஏர் ஃப்ரையரைப் போட்டுப் பார்ப்போம். கடையில் அதே மாடல் 300 டொலர். 300ஐ 62,000ஆல் பிரித்தால் ஒரு பொயின்ட் அரைச் சதம் கூட இல்லை. 0.48 சதம்.

இது நட்டமா இல்லையா என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட ஓர் அளவுகோல் வேணும். அது எங்கட சுப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கிறது. வூல்வொர்த்ஸின் எவ்ரிடே ரிவார்ட்ஸில் 2,000 பொயின்ட்ஸ் சேர்ந்தால் இரண்டு வழி: பில்லில் 10 டொலர் கழிவு, அல்லது 1,000 குவாண்டாஸ் பொயின்ட்ஸ். கோல்ஸ் பக்கம் ஃப்ளைபைஸும் அதே மாதிரி: 2,000க்கு 10 டொலர், அல்லது 1,000 வெலாசிட்டி பொயின்ட்ஸ். அதாவது நீங்கள் விமானப் பொயின்ட்ஸாக மாற்றுகிற ஒவ்வொரு முறையும், ஒரு பொயின்ட்டை ஒரு சதம் கொடுத்து வாங்குகிறீர்கள். "சும்மா கிடைச்சது" என்று ஒன்று இல்லை.

அதனால் என் கோடு இது: ஒரு சதத்துக்குக் குறைந்தால் தொடாதே. பொயின்ட்ஸ் கடையில் டோஸ்டர், ஹெட்போன், கிஃப்ட் கார்ட் எல்லாம் பெரும்பாலும் அரைச் சதத்தைச் சுற்றித்தான் நிற்கும். சாதாரண டிக்கெட்டில் "பொயின்ட்ஸ் பாதி, காசு பாதி" என்று வரும் வழியும் வழக்கமாக ஒரு சதத்தை எட்டாது. ரிவார்ட் சீட் என்று தனியாக ஒதுக்கி வைக்கிற சீட்டுகளில்தான் இரண்டு, மூன்று சதம் கிடைக்கும். எக்கானமியிலேயே கிடைக்கும், விலை ஏறியிருக்கும் நாட்களைப் பிடித்தால்.

இன்னொன்று. அம்மா அப்பா தமிழ்க் கடையில் வாங்குகிற அரிசிக்கும் முருங்கைக்காய்க்கும் இந்தப் பொயின்ட்ஸ் விழாது. பொயின்ட்ஸுக்காக அதே சாமானை அங்கே விட்டு இங்கே கூட விலைக்கு வாங்காதீர்கள். 2,000 டொலருக்கு வாங்கினால்தான் அந்தப் 10 டொலர். அரை வீதம். முருங்கைக்காயில் அதைவிடக் கூட மிச்சம் பிடிக்கலாம்.

இது யார் அச்சடிக்கிற காசு?

டெக் பாட்காஸ்ட் என்பதால் கொஞ்சம் வரலாறு. மைல் கணக்கு வைத்து இலவச டிக்கெட் கொடுக்கிற திட்டத்தை 1979இல் டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்ற சின்ன விமானக் கம்பனி தொடங்கியது. பெரிதாக எடுத்துக்கொண்டு போனது அமெரிக்கன் எயர்லைன்ஸ், 1981 மே 1இல். அதற்குக் காரணம் கம்ப்யூட்டர். ஐபிஎம்மோடு சேர்ந்து கட்டிய சேபர் என்ற புக்கிங் சிஸ்டம் அவர்களிடம் ஏற்கனவே இருந்தது. அடிக்கடி பறக்கிறவர் யார் என்று கண்டுபிடிக்க, புக்கிங்குகளில் திரும்பத் திரும்ப வருகிற போன் நம்பர்களைத் தேடினார்கள். எங்களுக்குத் தெரிந்த "டேட்டா" வியாபாரத்தின் அப்பப்பா அது. குவாண்டாஸ் தன் திட்டத்தை 1987இல் தொடங்கியது.

இன்று பொயின்ட்ஸில் பெரும் பகுதி பறந்து வருவதில்லை, கார்டை இழுத்து வருகிறது. நீங்கள் கிரெடிட் கார்டில் கட்டும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி உங்கள் பாங்குக்குப் போகிறது. பாங்க் அந்தக் காசில் விமானக் கம்பனியிடம் பொயின்ட்ஸ் வாங்கி உங்களுக்குத் தருகிறது. இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்றால், குவாண்டாஸின் லோயல்ட்டி பிரிவு மட்டும் 2023–24இல் வட்டிக்கும் வரிக்கும் முன் 511 மில்லியன் டொலர் லாபம் காட்டியது.

காசை அச்சடிக்கிறவரே அதன் பெறுமதியையும் தீர்மானிக்கிறார். 2025 ஆகஸ்ட் 5 முதல் குவாண்டாஸ் ரிவார்ட் சீட்டுகளுக்கான பொயின்ட்ஸ் பல வழிகளில் 5 முதல் 20 வீதம் வரை ஏறியது. முந்தின இரவு வரைக்கும் ஒரு டிக்கெட்டுக்குப் போதுமாக இருந்த கணக்கு, விடிந்தபோது போதாமல் போயிருக்கும். கார்ட் பக்கமும் இறுகலாம்: கிரெடிட் கார்டில் பாங்குக்குப் போகும் கட்டணத்தின் உச்ச வரம்பை 0.8 வீதத்தில் இருந்து 0.3 வீதமாகக் குறைக்க ரிசர்வ் பாங்க் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. பாங்குக்கு வருவது குறைந்தால், பாங்க் தருவதும் குறையும்.

அதனால் பத்து வருஷம் சேர்ப்பது புத்தியில்லை. பொயின்ட்ஸுக்கு வட்டி கிடையாது, விலையேற்றம் மட்டும் உண்டு. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் எங்கே போகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். அதற்கு வேண்டியதைச் சேருங்கள், போங்கள்.

எங்கட வழிகளுக்கு எது?

மெல்பேர்னில் இருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது, 2017 ஒக்டோபரில் இருந்து. அது ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருப்பதால் குவாண்டாஸ் பொயின்ட்ஸை அதில் பாவிக்கலாம். சென்னைக்கு இங்கிருந்து நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் எயர்லைன்ஸில் சிங்கப்பூர் வழியாகப் போகலாம். அதற்கு கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் பாவிக்கலாம், வெலாசிட்டி பொயின்ட்ஸும் பாவிக்கலாம். வெலாசிட்டியை கிரிஸ்ஃப்ளையராக மாற்றவும் முடியும், ஆனால் ஒன்றுக்கு ஒன்று இல்லை, கூடக் கொடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. 2024 செப்டம்பரில் இருந்து இண்டிகோ சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் பறக்கிறது. சென்னை வரை மைல்ஸ், அங்கிருந்து காசு என்று போடலாம். ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட். சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கு இந்திய விசா வேணும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது.

இரண்டு வகை ரிவார்ட் சீட் இருப்பதையும் கவனியுங்கள். குவாண்டாஸில் "கிளாசிக்" என்பது தூரத்தை வைத்து விலை போட்டது. ஆறு மாதம் முந்திப் போட்டாலும் மூன்று நாள் முந்திப் போட்டாலும் ஒரே பொயின்ட்ஸ். 2024 ஏப்ரலில் வந்த "கிளாசிக் பிளஸ்" காசு விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கோ நாளைக்கோ காசு டிக்கெட் எகிறி நிற்கும்போது, பழைய கிளாசிக் சீட் ஒன்று கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். டிசம்பர் வேண்டுமென்றால் சீட் திறக்கும்போதே போய் நிற்க வேணும், கிட்டத்தட்ட ஒரு வருஷம் முந்தி. அவசரத்துக்கு, விற்காத சீட்டுகள் கடைசி நாட்களில் சில வேளை ரிவார்டாக விழும். உறுதி இல்லை. ஆனால் கணக்கில் பொயின்ட்ஸ் இல்லாவிட்டால் விழுந்தும் பிரயோசனம் இல்லை.

தேடுவதற்கு சீட்ஸ்.ஏரோ போன்ற தளங்கள் பல திட்டங்களின் ரிவார்ட் சீட்டுகளை ஒரே இடத்தில் காட்டுகின்றன. கம்பனிகளுக்கு இது பிடிப்பதில்லை. எயர் கனடா 2023இல் அந்தத் தளத்தின் மீது அமெரிக்காவில் வழக்கே போட்டது. எனவே அங்கே பார்த்துவிட்டு, கம்பனியின் சொந்தத் தளத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சீட்டுப் பிடிக்கிற மாதிரி

எங்கட அம்மாமார் சீட்டுப் பிடிப்பது தெரியும்தானே? பத்துப் பேர் மாதா மாதம் போட்டு, தேவைப்பட்டவர் எடுப்பது. பொயின்ட்ஸையும் அப்படித்தான் நடத்த வேணும். ஒவ்வொருவர் கணக்கிலும் 9,000, 14,000 என்று சிதறிக் கிடந்தால் யாருக்கும் டிக்கெட் இல்லை.

வெலாசிட்டியில் ஒரே விலாசத்தில் இருக்கிற குடும்பம் பொயின்ட்ஸை ஒரே கணக்கில் விழச் செய்யலாம். குவாண்டாஸில் குடும்பத்துக்குள் பொயின்ட்ஸ் மாற்றலாம். அவர்களுடைய "குடும்பம்" எங்கட குடும்பம் மாதிரிப் பெரிது, மாமா மாமி, சித்தப்பா, மருமக்கள் வரைக்கும் போகும். கிரிஸ்ஃப்ளையரில் மைல்ஸை மாற்றுவதற்குப் பதிலாக, யாருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று ஐந்து பேரின் பெயரைக் கொடுத்து வைக்கலாம். இந்தப் பெயர்களையும் உறுப்பினர் நம்பர்களையும் இப்போதே பதிந்து வையுங்கள். விடிய நாலு மணிக்குப் போன் வந்த பிறகு அம்மாவின் பாஸ்வேர்ட் தேடிக்கொண்டிருக்க ஏலாது.

காலாவதி விதி ஒவ்வொன்றுக்கும் வேறு. குவாண்டாஸில் 18 மாதம் கணக்கில் ஒரு அசைவும் இல்லையென்றால் போய்விடும். வெலாசிட்டியில் 24 மாதம். இந்த இரண்டுக்கும் சுப்பர்மார்க்கெட்டில் இருந்து கொஞ்சம் மாற்றினாலே போதும், கணக்கு உயிரோடு இருக்கும். கிரிஸ்ஃப்ளையர் அப்படி இல்லை; அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மைல்ஸ் சேர்ந்து 36 மாதத்தில் முடியும். காலண்டரில் அலாரம் வையுங்கள்.

பூட்டும் முக்கியம். 2025 ஜூனில் குவாண்டாஸின் கோல் சென்டர் பாவித்த ஒரு வெளித் தளத்தில் நடந்த ஊடுருவலில் 5.7 மில்லியன் வாடிக்கையாளர்களின் விவரம் வெளியே போனது. பெயர், ஈமெயில், பலருக்கு உறுப்பினர் நம்பரும். பாஸ்வேர்ட் போகவில்லை. ஆனால் இவ்வளவு விவரம் கையில் இருந்தால் "குவாண்டாஸில் இருந்து கதைக்கிறோம்" என்று உங்கள் அப்பாவுக்குப் போன் எடுப்பது லேசு. இரண்டு படி லொகினைப் போட்டுக் கொடுங்கள். என் அப்பாவின் பாஸ்வேர்ட் ஊர்ப் பெயரும் அதன் பின்னால் 123உம். மாற்றியாச்சு.

திவசத்துக்குப் போனேன்

அம்மம்மாவின் ஆட்டைத் திவசம் 2025 ஜூனில் வந்தது. சாவு சொல்லிக்கொண்டு வராது, திவசத்துக்குத் திதி இருக்கிறது. ஐயர் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொன்னவுடனே நான் தேடத் தொடங்கினேன். என் பெயரில் எடுத்த ஒரு புதுக் கார்டின் போனஸ் 60,000. தம்பியிடம் 15,000. அப்பாவின் அந்த 11,000. மொத்தம் 86,000. மெல்பேர்னில் இருந்து கொழும்பு போய்வர 84,000 பொயின்ட்ஸ், வரி 360 டொலர். அன்றைய காசு விலை 2,310.

கணக்கை நேர்மையாகப் போட வேணும். 2,310இல் 360 கழிய 1,950. புதுக் கார்டின் வருஷக் கட்டணம் 199ஐயும் கழித்தால் 1,751. ஒரு பொயின்ட்டுக்கு 2.08 சதம். ஏர் ஃப்ரையரை விட நாலு மடங்கு. கார்ட் பில்லை ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்டினேன். இந்த வகைக் கார்டுகளில் வட்டி 20 வீதத்துக்குக் கிட்ட வரும். பாக்கி விட்டால் வட்டி இந்தப் பெறுமதியைத் தின்னத் தொடங்கிவிடும். மாதம் முடிவில் கையில் காசு நிற்காத ஆள் என்றால், கார்ட் போனஸ் பக்கமே போகாதீர்கள். சுப்பர்மார்க்கெட் பொயின்ட்ஸோடு நில்லுங்கள், தேவைப்பட்டால் அந்தப் 10 டொலரையே எடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திவசத்தன்று அம்மம்மாவின் வீட்டு முற்றத்தில் இலை போட்டுப் பரிமாறினேன். பெரியம்மா என் கையைப் பிடித்து, "செத்த வீட்டுக்கு வரேல்லையே எண்டு நினைக்காதை, பிள்ளை. இப்ப வந்திட்டாய்தானே" என்றா. நான் ஒன்றும் சொல்லவில்லை. வந்ததும் வராததும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும்.

திரும்பி வந்து வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். குடும்பக் கணக்கில் ஒருவர் ஊருக்குப் போய்வரத் தேவையான பொயின்ட்ஸ் எப்போதும் இருக்கும். விடுமுறைக்கோ சேலுக்கோ அதைத் தொடுவதில்லை. விலை ஏறினால் அந்த அளவையும் ஏற்றுவோம். அதற்கு மேலே இருப்பதை வைத்து டோக்கியோ போகலாம், பாலி போகலாம், பிசினஸ் கிளாஸில் காலை நீட்டலாம். பெறுமதி கரையும் என்று மேலே நானே சொன்னேன். இந்த ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் அந்தக் கரைவைத் தாங்கிக்கொள்கிறோம், காப்புறுதிக்குக் கட்டுகிற மாதிரி.

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். அம்மா அப்பாவோடு இருந்து அவர்களின் எல்லாக் கணக்குகளையும் திறந்து பாருங்கோ. எவ்வளவு இருக்கிறது, எப்போது முடிகிறது, யார் யாருக்கு டிக்கெட் போடலாம் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அரை மணித்தியாலம் போதும். அப்பா பொயின்ட்ஸ் கடையில் எதையாவது பார்த்து வைத்திருந்தால், மெதுவாகக் கதைத்து நிறுத்துங்கள்.

எங்கட அப்பா இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கணக்கைப் பார்க்கிறார். போன வாரம் வேவர்லி கார்டன்ஸுக்குக் கடைக்குப் போய் வந்து, பில்லை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு டிக்கெட் கிடக்கு, பிள்ளை. இனி உனக்கும் ஒண்டு சேர்ப்பம்."

அடுத்த வாரம் சந்திப்போம்.